வானத்துக்குப் பந்தல் போட முடியுமா?

(ஸ்ரீரங்கம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகம் சூடேறி வருகிறது. நடுப்பகலில் களை பறிக்கும் சகோதரிக்கும், மில்லில் நூல் இழுக்கும் தோழருக்கும் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகையே முக்கியக் காரணம்.

இதற்குச் சில விஞ்ஞானிகள் ஒரு வழி கூறுகின்றனர். சித்திரை வெயிலுக்கு நாம் தெருவில் பந்தல் போடுகிறோம் அல்லவா? அதுபோல் வெகு உயரத்தில் விமானங்களால் கந்தகத்தைத் தூவி, சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பிவிடலாம் என்கின்றனர்.

இது வெறும் கற்பனையா? அல்ல. 1991-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வானில் ஏறிற்று. மறு ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி தணிந்தது. பந்தல் நிழல் தரும் என்பது உண்மை.

ஆனால் அதே 1992-ல் உலகின் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது. குடகில் பருவமழை பெய்தால்தான் மேட்டூர் நிறையும். மேட்டூர் நிறைந்தால்தான் முக்கொம்பில் தண்ணீர் வரும். நடவு வேலை கிடைக்கும். மழை பொய்த்தால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? கூலிக்காரன் வீட்டில்தான்!

மேலும், தூவிய கந்தகம் ஓரிரு ஆண்டில் கீழே இறங்கிவிடும். ஓயாமல் தூவ வேண்டும். புகை குறையாமல் இருக்க, தூவுவது இடையில் நின்றால், அடக்கிவைத்த வெப்பமெல்லாம் ஒருசேரப் பாயும். 1836-ல் கட்டிய நமது மேலணையில், கொள்ளிடப் பக்கம் 9 மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் சரிந்தன. கண்முன் நிற்கும் அணைக்கே இந்தக் கதியென்றால், வானத்துப் பந்தலைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப் போவது யார்?

கடலிலும் ஒரு சோதனை நடந்தது. 2009-ல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைத் தூவினர். பாசி வளர்ந்து, காற்றிலுள்ள கரியை உறிஞ்சி ஆழத்தில் அமிழும் என்று எதிர்பார்த்தனர். பாசி வளர்ந்தது, அதைச் சிற்றுயிர்கள் தின்றுவிட்டன. ஆழத்தில் இறங்கிய கரி சொற்பமே.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது பகிரங்கமாக நடக்கட்டும். ஆனால் பந்தலைக் காட்டிப் புகைபோக்கியைக் காப்பாற்ற அனுமதியோம். பந்தல் புகையை அகற்றாது!

நமது கோரிக்கைகள் மூன்று: புகையைக் குறை! கூலியைப் பிடிக்காமல் உச்சிவெயிலில் ஓய்வும் நிழலும் குடிநீரும் கொடு! வானத்தில் கைவைக்குமுன், மழையை நம்பி வாழும் மக்களைக் கேள்!

வயலிலும் மில் வாசலிலும் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள், தோழர்களே!