படிப்பை நிறுத்துமுன் ஒரு கணக்கு

(கல்லூரி முதலாண்டு மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியில் சேரும் வழியைச் சொல்லித் தரப் பலர் உள்ளனர். இடையில் விலக நேர்ந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்வோர் மிகச் சிலரே. சேர்க்கை நாளில் விலகுவதைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் எண்ணக்கூடும். அறியாமையால் நேரும் இழப்பு ஏழைக் குடும்பத்தையே முதலில் தாக்குகிறது என்பதால் பேசுகிறேன்.

நான் பொருளாதாரம் பயின்ற காலத்தில், பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்ற என் விடுதித் தோழர் ஒருவர் திரும்பவில்லை. தந்தையார் நோயுற்றதால் குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கல்லூரிக்கு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து, பெற்ற உதவித் தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு அவருக்குக் கடிதம் வந்தது. வகுப்பை விட்டதோடு எல்லாம் முடிந்தது என்று அவர் கருதியிருந்தார்.

இவ்விழப்பு மூன்று வகைப்படும்.

முதலாவது, செலுத்திய கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகுவோர், நடைமுறைச் செலவு நீங்கலாக முழுத் தொகையையும் பெறலாம். இறுதி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் விலகினால் 80 சதவிகிதமும், 30 நாட்களுக்குள் விலகினால் 50 சதவிகிதமும் கிடைக்கும். அதன் பின் ஏதும் இல்லை. அண்மை ஆண்டுகளில் குழு தனி நாட்களையும் அறிவித்ததுண்டு. ஆகவே அவ்வாண்டின் அறிவிப்பைக் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, உதவித் தொகை. பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித் தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. ஆண்டின் இடையே படிப்பை நிறுத்துபவரிடமிருந்து, மாநில அரசு தன் விருப்புரிமைப்படி தொகையைத் திரும்பப் பெறலாம் என்பது அத்திட்ட விதிகளில் இடம்பெற்றுள்ளது. முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினாலும் உதவி ரத்தாகலாம். மத்தியத் துறை உதவித் தொகையைப் புதுப்பிக்க 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் தேவை. எனவே சொல்லாமல் வகுப்பைத் தவிர்ப்பவர், விலகாமலே உதவியை இழக்கிறார்.

மூன்றாவது, வங்கிக் கடன். 2009இல் தொடங்கிய வட்டி மானியத் திட்டம், படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை அரசே ஏற்க வகை செய்தது. படிப்பை இடையில் நிறுத்தியவருக்கு இம்மானியம் இல்லை. மருத்துவக் காரணத்தால் நின்றவருக்கு மட்டும், கல்லூரித் தலைவர் ஏற்கும் ஆவணம் இருந்தால், விலக்கு உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோயால் ஆண்டுத் தேர்வு எழுத இயலாத மாணவருக்கும், சான்றிதழும் முதல்வரின் பரிந்துரையும் இருப்பின், மெட்ரிக் பிந்தைய உதவியைப் புதுப்பிக்க விதி இடமளிக்கிறது. துன்பம் வந்தவருக்கு விதி கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. ஆனால் அதைத் திறக்கும் திறவுகோல், உரிய காலத்தில் தரும் ஒரு தாள். என் தோழரிடம் இல்லாமற்போனது அதுவே.

ஆகவே, நிறுத்த நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் கேட்குமுன் உதவித் தொகைப் பிரிவு எழுத்தரையும் வங்கி மேலாளரையும் காணுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். இயன்றால் அந்த ஆண்டையேனும் முடித்துவிடுங்கள். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுள்ள நிறுவனங்களில், உரிய தகுதிப்புள்ளிகளுடன் ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழும், ஈராண்டு முடித்தவருக்குப் பட்டயமும் உண்டு. பின்னர் திரும்பி வந்து தொடரவும் வழி இருக்கிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிடில், வருகைப் பதிவேட்டில் குறி இடுவதோடு நில்லாமல் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உதவித் தொகைக்கு அரசு செலவிடும் பணம் மக்களின் வரிப்பணம். அதன் பயன் பாதி வழியில் வீணாகாமல் காக்க, ஓர் அஞ்சல் அட்டையின் விலையே போதும்.