பூட்ட முடியாத வீடு



வகுப்பில் ஒரு போரைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பேராசிரியர் ஒருவர், "சரி, அன்றைக்கு அந்த ஊரில் அடுப்பு எரிந்ததா?" என்று கேட்பாராம். அவரிடம் படித்த ஒருவர் சொல்லக் கேட்டேன். அந்தக் கேள்வியோடுதான் இன்று பாலஸ்தீன அகதி முகாம்களுக்குள் நுழையப் போகிறேன். பேச்சுவார்த்தைகளையும் வரைபடங்களையும் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு. நான் பேசப்போவது வீட்டைப் பற்றி. குறிப்பாக, வீட்டுக் கதவைப் பற்றி.

பெத்லகேமுக்குத் தெற்கே, ஹெப்ரோன் செல்லும் சாலையோரத்து மலைச்சரிவில் இருக்கிறது தெஹைஷே முகாம். அகதி முகாம் என்றதும் நமக்குக் கூடாரங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே இன்று கூடாரம் ஒன்றுகூட இல்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள இடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பக்கவாட்டில் நகர இடமில்லாததால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்துவிட்டன. மகனுக்குக் கல்யாணமானால் ஒரு மாடி ஏறும். மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும். குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் பிடித்துவைத்து, அடுத்த முறை வரும்வரை சமாளிக்க வேண்டும். 1967 ஆகஸ்டிலேயே இஸ்ரேலின் இராணுவ ஆணை 92, முகாம் இருக்கும் மேற்குக் கரையின் தண்ணீரை எல்லாம் இராணுவத் தளபதியின் அதிகாரத்தில் வைத்துவிட்டது. அடுப்பு எரிவது இருக்கட்டும், உலை வைக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதுகூட அங்கே ஆட்சியைப் பற்றிய கேள்விதான்.

1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். பேரழிவு என்ற பொருளில் அவர்கள் அதை நக்பா என்கிறார்கள். ஜெருசலேமுக்கும் ஹெப்ரோனுக்கும் மேற்கே இருந்த 45 கிராமங்களின் மக்களுக்காக 1949இல் எழுந்தது தெஹைஷே. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். ஐ.நா.வின் நிவாரண அமைப்பான உன்ர்வா 1950 மே மாதம் பணி தொடங்கியது. பிறகு கூடாரங்களுக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஒரு சிறிய அறை கட்டிக் கொடுத்தது, கழிப்பறை பொது. மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டிருந்தவர்களில் பலர் அந்த அறையைக்கூட முதலில் வேண்டாம் என்றார்கள். சுவர் எழுப்பினால், ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அஞ்சினார்கள். கொட்டும் மழையில் கூரையை மறுப்பதை வறட்டுப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே பத்திரம் அந்த மறுப்புதான்.

அந்த முகாமில் ஒரு குழந்தையிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். தெஹைஷே என்று சொல்லாது. ஸகரிய்யா என்றோ ராஸ் அபு அம்மார் என்றோ, குடும்பம் இழந்த கிராமத்தின் பெயரைச் சொல்லும். அதன் அப்பாகூட அந்தக் கிராமத்தில் பிறந்திருக்க மாட்டார். ஸகரிய்யா இருந்த இடம் தொலைவில் இல்லை. காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இஸ்ரேலின் பெர்மிட் வேண்டும்.

தெஹைஷேயின் சாலையோரத்தில் இன்றும் ஒரு சுழல் கதவு நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல், குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகள். தள்ளினால் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். பின்னால் வருபவர் அது சுற்றி முடியும்வரை நிற்க வேண்டும். 1980களில் இஸ்ரேலிய இராணுவம் முகாமைச் சுற்றி உயரமான வேலி போட்டது. மற்ற வழிகளை அடைத்துவிட்டு இந்த ஒரு வாசலை மட்டும் விட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, காய்கறிப் பையோடு வரும் அம்மா, பிரசவ வலியில் இருக்கும் பெண், எல்லோருக்கும் அதுதான் வழி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு அந்தக் கம்பிகளுக்கிடையே எப்படி நுழைவது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1995இல் இராணுவம் பெத்லகேமிலிருந்து விலகியதும் வேலியைப் பிடுங்கி எறிந்த மக்கள், அந்தக் கதவை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதற்கு முந்திய ஆண்டுகள், 1987 டிசம்பரில் காஸாவின் ஜபாலியா முகாமில் தொடங்கிய முதல் இன்டிஃபாதா என்ற மக்கள் எழுச்சியின் ஆண்டுகள். ஊரடங்கு நாள்கணக்கில் நீளும். சாமான் வாங்க ஓரிரு மணி நேரம் தளர்த்துவார்கள். அதற்குள் ரொட்டிக்கும் பாலுக்கும் ஓட வேண்டும். 1988இல் மேற்குக் கரைப் பள்ளிகளை இராணுவம் மாதக்கணக்கில் மூடியது. தெருத்தெருவாக மக்கள் குழுக்கள் அமைந்தன. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. அந்த ஆகஸ்டில் அந்தக் குழுக்களையும் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா ஒரே நாளில் குற்றவாளியாகிவிட முடிந்தது. இராணுவ ஆணை 101இன்படி, அனுமதியில்லாமல் பத்துப் பேர் கூடி அரசியல் பேசினாலே குற்றம். 1967இல் போட்ட ஆணை அது.

இப்போது இரவுக்கு வருகிறேன். மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீனர் வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் வாரண்ட் தேவையில்லை. இராணுவ அதிகாரியின் உத்தரவு போதும். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் கதவு தட்டப்படும். எல்லோரையும் எழுப்பி ஓர் அறையில் நிறுத்துவார்கள். சில வீடுகளில் யாரையும் தேடி வந்ததுகூட இல்லை. எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, முகங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெஹைஷேக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள எஃப்ராத் குடியேற்றத்தில் வசிக்கும் இஸ்ரேலியருக்கு இந்த இராணுவச் சட்டம் நடைமுறையில் இல்லை. அவருக்குக் குடிமைச் சட்டம், குடிமை நீதிமன்றம். முகாமின் 12 வயதுப் பையனை நிறுத்துவதோ இராணுவ நீதிமன்றத்தில். ஒரே நிலம், இரண்டு கதவுகள்.

2002இல் கதவுகூடத் தேவையில்லாமல் போனது. அந்த ஆண்டு நாப்லஸ் நகரிலும் அதையொட்டிய பலாத்தா முகாமிலும் படையினர் சந்துகளை விட்டுவிட்டு, வீட்டுச் சுவர்களை உடைத்து வீட்டுக்கு வீடு நகர்ந்தார்கள். சந்தில் துப்பாக்கியோடு காத்திருப்பவர்களைத் தவிர்க்க அது ஒரு போர் உத்தி. அந்த உத்தி நடந்த இடமோ ஒரு குடும்பத்தின் கூடம். சுவர் சட்டென்று வெடித்துத் தூசி பறக்க, முகத்தில் சாயம் பூசிய ஆட்கள் அதன் வழியே வருகிறார்கள். குடும்பத்தை ஓர் அறையில் அடைத்துவிட்டு எதிர்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறார்கள். மறுநாள் அந்த ஓட்டையின் வழியே பக்கத்து வீட்டு அடுக்களை தெரியும்.

முகாம்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள். 2002 மார்ச் 27 அன்று இஸ்ரேலின் நெதன்யா நகரில் யூதர்களின் பஸ்கா விருந்துக்கு அமர்ந்திருந்தவர்களில் 30 பேர் தற்கொலைத் தாக்குதலில் உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளை நான் ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை. அங்கும் விருந்து மேசையில் இருந்தவர்கள் சாதாரண மக்கள்தான். ஆனால் அதற்குப் பதிலடியாக மேற்குக் கரையின் ஜெனின் முகாமின் நடுவிலிருந்த ஹவாஷின் குடியிருப்பு முழுவதும் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டது. முகாமில் கொல்லப்பட்ட பாலஸ்தீனர் குறைந்தது 52 பேர், அவர்களில் 22 பேர் பொதுமக்கள் என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவுசெய்தது. வீடிழந்தவர்கள் சுமார் 4,000 பேர்.

அதன் பிறகு நடந்ததுதான் என் மனதை விட்டு அகலாதது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பணத்தில் உன்ர்வா முகாமைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. தெருக்களை அகலப்படுத்துவோம், காற்று வரும், ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள் பொறியாளர்கள். உலகத்தின் எந்த ஊரிலும் மக்கள் கைதட்டி வரவேற்கும் யோசனை. ஜெனினில் மக்கள் எதிர்த்தார்கள்: ஆம்புலன்ஸ் வரும் தெருவில் டாங்கியும் வருமே! கடைசியில் தெருக்கள் அகலமாயின. அந்தப் பணியை மேற்பார்த்த பிரிட்டிஷ்காரர் இயன் ஹூக், 2002 நவம்பரில் ஐ.நா. வளாகத்துக்குள்ளேயே இஸ்ரேலியச் சிப்பாயின் குண்டுக்குப் பலியானார்.

2025 ஜனவரி 21 அன்று இராணுவம் மீண்டும் ஜெனினுக்குள் புகுந்தது. அடுத்த வாரங்களில் துல்கரம், நூர் ஷம்ஸ் முகாம்களும் காலியாயின. மூன்றிலுமாகப் பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். பிப்ரவரியில், 2002க்குப் பிறகு முதல்முறையாக, ஜெனினுக்குள் டாங்கிகள் வந்தன. வீடுகளை வரிசையாக இடித்து முகாமுக்குள் புதிய அகலத் தெருக்கள் போடப்பட்டன. இடிப்பதற்கு முன் சாமான் எடுத்துக்கொள்ளச் சிலருக்குச் சில மணி நேரம் கிடைத்தது.

ஜெனின் குடும்பங்கள் பல, அருகிலிருக்கும் அரபு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மாணவர் விடுதி அறைகளில் தங்கின. ஒரு மாணவருக்கென்று கட்டிய அறையில் பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். 1950களில் உன்ர்வா கட்டிக்கொடுத்த அந்த முதல் அறைக்குள் எத்தனை பேர் படுத்தார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர்.