துப்பறியும் படங்களும் சந்தேகிக்கப்படும் மனிதர்களும்



தமிழ்க் குற்றப் புலனாய்வுத் திரைப்படங்கள் பற்றிய இம்மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. இப்படியொரு மாநாட்டைச் சென்னையில் கூட்டுவது எளிது. ஆனாலும் இதற்குப் பொருத்தமான இடம் கள்ளக்குறிச்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

துப்பறியும் கதை தமிழுக்கு நேற்று வந்ததல்ல. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்ற போலீஸ் அதிகாரியைப் படைத்துவிட்டார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் ஒரு தலைமுறையையே இரவு விழித்துப் படிக்க வைத்தார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-இல் படமானது. எம். என். நம்பியார் பல வேடங்களில் வந்து துப்புத் துலக்கிய அந்தப் படத்தை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். நம் கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தில்தான் இறங்குகிறது. ஆகவே இந்தத் திரைவகையின் பழைய படமொன்று நமக்கு அண்டை ஊர்ச் செய்தி.

நான்கு ஆண்டுகளில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) வந்தது. 1943-இல் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையில் கதை நடக்கிறது. படம் தொடங்கியதும் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் சுடப்பட்டுச் சாகிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. படத்தை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வந்து ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் கேட்கிறார். ஒவ்வொன்றும் நம்பும்படி இருக்கிறது. அடுத்தவர் பேசத் தொடங்கியதும் முந்தையது ஆட்டம் காண்கிறது. யாரையும் துரத்தாமலே, கேட்பவரின் பொறுமையைக் கொண்டே அந்தப் படம் நம்மை இருக்கை நுனிக்குக் கொண்டுவருகிறது.

இங்கிருந்துதான் என் கருத்துக்கு வருகிறேன். ஒரு படம் குற்றவாளியை எவ்வளவு வேகமாகத் துரத்துகிறது என்று பார்த்தே இதுவரை அதை மெச்சி வந்தோம். அது யாரைச் சந்தேகிக்கிறது, ஏன் சந்தேகிக்கிறது, அந்தச் சந்தேகத்தை எப்படிச் சோதிக்கிறது என்று இனிப் பார்க்க வேண்டும். கதையின் சுவையும் அங்கேதான் இருக்கிறது, கதையின் அறமும் அங்கேதான் இருக்கிறது.

இதை இந்த மண் நமக்குப் பெரும் விலை வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தது. 2024 ஜூன் மாதம், இதே நகரின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களுக்கு இந்த அவை தலைவணங்குகிறது. இம்மாவட்டத்தில் சாராயம் என்றாலே விரல் கல்வராயன் பக்கம் நீளும். மலையில் ஊறல் போட்டதும் உண்டு, சோதனைக்குப் போன போலீசார் பேரல் பேரலாக அழித்ததும் உண்டு. ஆனால் அன்று உயிரைக் குடித்தது மெத்தனால். அது வெல்லத்தை ஊறப்போட்டுக் காய்ச்சி எடுக்கும் பொருளன்று. தொழிற்சாலையில் பிறந்து, வியாபாரிகள் கைமாறி வருவது. எனவே விசாரணையும் மலையோடு நிற்கவில்லை. விற்றவரிடம் தொடங்கி, வேதிப்பொருள் வந்த வழியே புதுச்சேரி, சென்னை வரை சென்றது. முதலில் சிபிசிஐடி விசாரித்த வழக்கை 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. விரல் நீண்ட திசை ஒன்று, தடயம் காட்டிய திசை வேறொன்று. நல்ல துப்பறியும் கதை ஒவ்வொன்றும் இதைத்தான் சொல்கிறது. தடயத்தை ஆராய்வதும் நமக்குப் புதிதல்ல. 1849-லேயே, இந்தியாவில் முதன்முதலாக, சென்னையில் வேதியியல் பரிசோதனைக் கூடம் அமைந்தது. தடயத்தைப் பேசவைக்கும் மரபு நமக்கு அவ்வளவு பழையது.

இன்னொரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். நமக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தேட வந்தவர்களே குற்றவாளிகள். 1995-இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே நேரில் சென்று பார்த்து, 2023-இல் அத்தண்டனையை உறுதிசெய்தார். அதிகாரிகளின் சொல்லுக்கு எதிராகத் தங்கள் சாட்சியத்திலிருந்து பிறழாமல் நின்ற அந்தப் பெண்களே இவ்வழக்கின் நாயகிகள்.

இந்த நிஜங்களை மனதில் வைத்து நம் படங்களைப் பாருங்கள். த. செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021), 1993-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நடந்த காவல் மரணத்திலிருந்து பிறந்தது. கள்ளக்குறிச்சியும் அப்போது அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். நகைத் திருட்டு என்றதும் முதலில் யாரைப் பிடித்தார்கள் என்பதில் அப்படத்தின் வழக்கு தொடங்குகிறது. ஆட்கொணர்வு மனு ஒன்று மெல்ல மெல்லப் புலன் விசாரணையாக மாறுகிறது. தொலைபேசியில் கேட்டது யாருடைய குரல் என்ற ஒரே கேள்வி, கட்டி எழுப்பிய பொய்யைச் சரிக்கிறது. எந்தத் துரத்தல் காட்சிக்கும் குறையாத பதற்றம் அதில் இருக்கிறது.

எச். வினோத்தின் 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) படத்தில் நான் போற்றும் பகுதி, கைரேகையை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் காவலர்களின் விடாமுயற்சி. ஆனால் கொள்ளைக்காரர்களின் கொடுமையை அவர்கள் பிறந்த கூட்டத்தோடு சேர்த்துக் காட்டும் இடங்கள் என்னைக் கவலைப்படுத்துகின்றன. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பிறப்பையே குற்றமாக்கியது. 1947-இல் இங்கே அது ஒழிந்தது. சட்டத்தில் ஒழிந்ததைத் திரையில் வாழவிடக்கூடாது. ஒரு கைரேகை ஒரு மனிதனுக்கு எதிரான சாட்சி. அவனுடைய ஊருக்கு எதிரான சாட்சி ஆகாது.

விறுவிறுப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 'ஊமை விழிகள்' (1986) படத்தின் இருட்டும், 'யுத்தம் செய்' (2011) படத்தின் நிதானமும், 'ராட்சசன்' (2018) மூட்டும் அச்சமும் நம் திரைக்கலையின் செல்வங்கள். கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) விசாரித்த அதிகாரியையே கேள்விக்கு உட்படுத்தியது. பார்ப்பவரை ஏமாற்றிவிட்டு, ஏன் ஏமாந்தோம் என்று அவரையே யோசிக்க வைக்கும் வல்லமை இந்தத் திரைவகைக்குத்தான் உண்டு.

ஆகவே ஆய்வாளர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறேன். நம் படங்களில் முதல் சந்தேகம் யார்மீது விழுகிறது என்று காட்சி காட்சியாகப் பதிவு செய்யுங்கள். அடித்து வாங்கிய வாக்குமூலம் எத்தனை படங்களில் வெற்றியாகக் காட்டப்படுகிறது என்று கணக்கெடுங்கள். செம்மரக் கடத்தலைக் களமாகக் கொண்ட 'புஷ்பா' (2021) தமிழிலும் ஓடியது. கூலிக்கு மரம் வெட்டப் போகும் மலைக்காரருக்கு அதில் என்ன இடம் என்று கேளுங்கள். கல்வராயனின் வெள்ளிமலையிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே, இந்தப் படங்களை உங்கள் ஊரில் போட்டுக் காட்டிப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் இவ்வாய்வு முழுமை பெறாது.

நாளை படமெடுக்கப் போகிறவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் துப்பறிவாளர் கைவிலங்கை எடுக்கும் முன்பு இன்னொரு கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்வியைப் பார்த்துப் பழகும் மக்கள் திரையரங்குக்கு வெளியிலும் அதைக் கேட்பார்கள். இந்த நம்பிக்கையோடு மாநாட்டைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.