சங்க லாரியின் பின் அச்சில் எண்ணெய்க் கசிவு



குடியானவனுக்கு உழவுமாடு எப்படியோ, விளைபொருளைத் திரட்டி விற்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கு லாரி அப்படி. மாடு சற்று நொண்டினால் உடையவன் அன்றே குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான். லாரியின் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிந்தாலோ, “பழைய வண்டி; கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்” என்று பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். மாடு ஒருவருடையது, லாரி எல்லாருடையது. எல்லாருக்கும் உரிய பொருளை எவரும் கவனிப்பதில்லை என்னும் குறை, இவ்விஷயத்தில் உயிர்ச்சேதமாகவே முடியக்கூடும்.

எஞ்ஜினின் சக்தி ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின்னே சென்று, பின் அச்சின் நடுவே புடைத்திருக்கும் கூட்டிலுள்ள பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இவை கெட்டியான கியர் ஆயிலில் தோய்ந்தே சுழல வேண்டும். அக்கூட்டிலிருந்து இருபுறமும் ஒவ்வோர் ஆக்சில் சக்கரம் வரை செல்கிறது. ஆயில் அவ்வழியே பரவிச் சக்கரத்திற்கு வெளியே வாராதபடி தடுப்பது ஆயில் சீல் என்னும் வளையம். முற்கால லாரிகளில் இதனைத் தோலாற் செய்தனர். இக்காலத்தில் செயற்கை ரப்பராற் செய்கின்றனர். அதன் மெல்லிய உதடு உலோகப் பாகத்தை இறுக அணைத்து நின்று ஆயிலைக் காக்கிறது. விலை அற்பம், அது செய்யும் வேலையோ பெரிது.

ஏனெனில், சீலைத் தாண்டிய ஆயில் முதலிற் சேருமிடம் பிரேக் டிரம். பிரேக் லைனிங் டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிப்பதனாலேயே வண்டி நிற்கிறது. உரச வேண்டிய இடத்தில் ஆயில் பட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்? இடப்பக்க லைனிங் ஆயிலில் ஊறினால் வலப்பக்கம் மட்டுமே பிடித்து, வண்டி வலப்புறமாக இழுக்கும். ஆகவே, ஒழுகுவது ஆயில் மட்டுமன்று. பிரேக்கின் பலமும் அதனுடன் ஒழுகிப்போகிறது.

மலைப்பாதையில் இதன் அபாயம் பன்மடங்கு. 1935ஆம் ஆண்டில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டது முதல், மலையில் விளையும் உருளைக்கிழங்கு முதலியவற்றைச் சங்கத்தின் மூலம் விற்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மூட்டை நிறைந்த லாரி இவ்வளவு இறக்கத்தையும் கொண்டையூசி வளைவுகளின் வழியே கடக்க வேண்டும். நான்கு சக்கரங்களின் பிரேக்கும் சமமாகப் பிடித்தாலும் டிரைவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய பாதையில், ஒரு சக்கரம் பிடிக்காவிடில் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கசிவு எங்கிருந்து வருகிறதென்று முதலில் தெளிய வேண்டும். பின்சக்கரத்தின் உட்புறத்திலும், உள் டயரின் பக்கத்திலும் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீலின் மேல் சந்தேகம் கொள்ளலாம். சக்கரத்தின் வெளிமுகத்தில், ஆக்சில் போல்ட்டுகளைச் சுற்றி ஈரமிருந்தால், அங்குள்ள பேக்கிங் பழுதாகியிருக்கலாம். அல்லது நட்டுகள் தளர்ந்திருக்கலாம். அச்சின் நடுவே, நீண்ட தண்டு சேருமிடத்திற் சொட்டினால் அது வேறொரு சீலின் பழுது. கியர் ஆயில் கெட்டியாகவும் கந்தக வாடையுடனும் இருக்கும். பிரேக் ஆயிலோ நீர்த்தது. அது கசிந்தால் அதற்குரிய டப்பியில் அளவு குறையும்.

சீலை மாற்றிய சில நாட்களிலேயே மீண்டும் ஒழுகுகிறதென்று பலர் மெக்கானிக்கைக் குறை கூறுவர். பல சமயங்களில் மாற்றியது நோயின் அடையாளத்தையேயன்றி நோயையன்று. பின் அச்சுக்கூட்டின் மேற்புறத்தில் காற்றுப் போவதற்கென ஒரு சிறு துவாரம் உண்டு. சேறு அதனை அடைத்துவிட்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்றுக்குப் போக்கிடமின்றி, அது ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். நல்லதென்று எண்ணி ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இத்தீங்கையே விளைவிக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை ஊற்றுவதே பெரும்பாலான வண்டிகளுக்கு அளவு. பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினாலும், சீல் உரசும் இடத்திற் பள்ளம் விழுந்தாலும், புதுச் சீல் நிலைக்காது.

பழுது பார்க்கும் முறையும் அங்கத்தினர்கள் அறியத் தக்கதே. வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே புகலாகாது. அச்சின் அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்தல் வேண்டும். ஆக்சிலை உருவி, ஹப்பைக் கழற்றி, பழைய சீலை எடுத்தபின், அது அமரும் இடத்தைத் துடைத்துச் சோதிக்க வேண்டும். புதுச் சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவி, உதடு ஆயில் உள்ள பக்கத்தை நோக்கியிருக்குமாறு, கோணாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். பேரிங்கை இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலின், தயாரித்தவர் தந்த கைப்புத்தகத்தின்படியே செய்தல் வேண்டும். காற்று பிரேக் உள்ள வண்டிகளில் வலுவான ஸ்பிரிங் அடைபட்டிருப்பதால், தேர்ந்த மெக்கானிக்கைத் தவிர வேறெவரும் அதனைத் தொடலாகாது. டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதுவதும் தவறு. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடும்.

செலவு கருதிப் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலாற் கழுவி, வெயிலிற் காயவைத்து, மீண்டும் பூட்டுவர். மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஊறிய ஆயில், பிரேக் சூடேறியதும் மேலே வரும். அதுவும் இறக்கத்தின் நடுவே வரும். ஊறிய லைனிங்கை எறிந்துவிட்டு, இருபக்கமும் ஒருசேரப் புதிது போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாயிராது. இதில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று.

லாரி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் நலம். டிரைவர் நாள்தோறும் புறப்படுமுன் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்து அதிற் குறிக்க வேண்டும். ஈரம் கண்டால் சரக்கேற்றாமல் வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு நிர்வாகக் கமிட்டியார் தீர்மான மூலம் அளிக்க வேண்டும். சந்தை நாள் தவறுமேயென்று காரியதரிசியோ, மூட்டைக்குரிய அங்கத்தினரோ அவரை வற்புறுத்தலாகாது. தவறிய சந்தை அடுத்த வாரம் மீண்டும் கூடும். மலைவளைவில் தவறிய லாரியும், அதிலிருந்த டிரைவரும் கிளீனரும் மீளார். கூட்டுப் பொருளைக் காப்பது கூட்டுப் பொறுப்பு என்பதை, சக்கரத்தினடியில் விழும் முதற் சொட்டிலேயே சங்கத்தார் உணர்ந்துகொள்வாராக.