கடைசி டிரிப் யாருக்கு? டவுன் பஸ்ஸைக் காக்க திருப்பூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது

(வேலை முடியும் நேரத்தில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் நமது தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷிப்டு முடிஞ்சு, சாப்பாட்டுப் பையைக் கையில வச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போகாம இங்க நின்னு கேக்குறீங்க. அதனால நீட்டி முழக்க மாட்டேன். ஒரே விஷயம்தான் பேச வந்திருக்கேன். டவுன் பஸ். அதுலயும் ராத்திரி கடைசி டிரிப்.

ஒரு ரூட்டை நிறுத்தணும்னு நினைக்கிறவங்க போர்டு எழுதி வச்சு நிறுத்த மாட்டாங்க. முதல்ல ராத்திரி கடைசி டிரிப்தான் போகும். ஒருநாள் "வண்டி பிரேக்டவுன்"னு சொல்லுவாங்க. அடுத்த வாரம் "டிரைவர் லீவு". அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடாது. ஒரு மாசம் போனா அந்த பஸ்ஸை நம்பி ஸ்டாப்புல யாரும் நிக்க மாட்டாங்க. அப்பத்தான் ஃபைல்ல எழுதுவாங்க, "போதிய பயணிகள் இல்லை". ஏனுங்க, பஸ் வராததால ஆள் நிக்கல. ஆள் நிக்காததால பஸ் விடலைன்னு சொன்னா இது எந்த ஊர் கணக்கு?

நம்ம ஊர்ல கடைசி பஸ்ஸுன்னா அது சினிமா பார்த்துட்டு வர்றவங்களுக்கான பஸ் இல்ல. செக்கிங் டேபிள்ல நின்னவங்க, ஓவர்லாக் மிஷின்ல உக்காந்தவங்க, கைமடிச்சவங்க வீடு போய்ச் சேர்ற பஸ். காலையில எட்டரைக்கு உள்ள போனா ஒரு ஷிப்டு சாயங்காலம் அஞ்சரைக்கு முடியும். ஷிப்மென்ட் நெருக்குனா ஒன்றரை ஷிப்டு. அப்போ எட்டரை, ஒன்பது ஆயிடும். குன்னத்தூர்ப் பக்கம், ஊத்துக்குளிப் பக்கம், காங்கயம் ரோட்டுப் பக்கம் கிராமங்கள்ல இருந்து தினமும் வந்து போற ஜனம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

"அதுக்குத்தான் கம்பெனி வேன் இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. வேன் வேண்டாம்னு நான் சொல்லல. போன மாசம் ஒரு அக்கா என்கிட்ட சொன்னதைச் சொல்றேன். பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். அவங்க ஊருக்கு முன்னாடி ராத்திரி டவுன் பஸ் இருந்துச்சு. இப்ப இல்ல. கம்பெனி வேன்லதான் போறாங்க. புள்ளைக்குக் காய்ச்சல், அஞ்சரைக்குக் கிளம்பறேன்னு கேட்டிருக்காங்க. "கிளம்புங்க, ஆனா வேன் ஒன்பதுக்குத்தான்"னு பதில் வந்திருக்கு. அடுத்த தெரு கம்பெனியில ஷிப்டுக்கு இருபது ரூபாய் அதிகம் தர்றாங்களாம். போக முடியல. ஏன்னா அந்தக் கம்பெனி வேன் அவங்க ஊருக்கு வராது. பஸ் இருந்தவரைக்கும் அவங்க தொழிலாளி. பஸ் நின்ன அன்னையில இருந்து அந்த வேனோட சேர்த்துக் கட்டின ஆளு.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். கூலி கூடுதலா கேக்குற தைரியம் பாதி டவுன் பஸ்ல இருக்கு. 1984ல பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணின ஊர் இது. சம்பள ஒப்பந்தத்துல பயணப்படின்னு ஒரு வரி போடுறதுக்கும் சங்கங்கள் மல்லுக்கட்டினதுதான். அந்தப் படியை வாங்கிக்கிட்டு ஏறுறதுக்கு பஸ் இல்லைன்னா என்ன பிரயோஜனம்?

அடுத்தது பெண்கள் பயணம். 2021 மே 8ல இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. மாநிலத் திட்டக்குழு ஆய்வுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு வந்துச்சு. பனியன் கம்பெனியில ஹெல்பரா இருக்கிற பொண்ணுக்கு 888 ரூபாய்னா என்னன்னு மேடையில நிக்கிற நான் விளக்க வேண்டியதில்ல. இதை ஓசின்னு கிண்டல் பண்ணினவங்களும் உண்டு. ஓசி இல்லீங்க. திட்டம் ஆரம்பிக்கும்போதே வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் மானியம்னு ஒதுக்கி, நம்ம வரிப்பணத்துல போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டுறது அது.

ஆனா நம்ம கொங்கு வட்டாரத்துல ஒரு சிக்கல் இருக்கு. இங்க தனியார் டவுன் பஸ் அதிகம். அதுல இந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடப் புள்ளைங்களோட இலவச பாஸும் செல்லாது. அதனால ஒரு ரூட்டுல அரசு பஸ் டிரிப் ஒண்ணு குறைஞ்சா, அந்த ஊர்ப் பெண்களுக்கு அந்த நேரத்துக்கு இலவசப் பயணம் ரத்துன்னு அர்த்தம். அரசாணை அப்படியே இருக்கும், சலுகை மட்டும் இருக்காது.

மினி பஸ் பத்தியும் கேக்குறீங்க. 2025 ஜூன்ல புதுத் திட்டம் தொடங்குனாங்க. அதிகபட்சம் 25 கிலோமீட்டர் ரூட்டு, அதுல 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத பாதையா இருக்கணும்னு விதி. நல்ல விஷயம்தான், பஸ்ஸே பார்க்காத ஊருக்கு வரட்டும். ஆனா "மினி பஸ் வந்துருச்சுல்ல, டவுன் பஸ் எதுக்கு"ன்னு யாராவது கேட்டா விடாதீங்க. மினி பஸ் தனியார் வண்டி. அதுல டிக்கெட் எடுக்கணும்.

சரி, கேட்டா கிடைக்குமா? 2018 ஜனவரி 20ஆம் தேதி ஞாபகம் இருக்கா? ராத்திரியோட ராத்திரியா பஸ் கட்டணத்தை ஏத்துனாங்க. டவுன் பஸ்ல குறைந்தபட்சம் மூணு ரூபாயா இருந்தது அஞ்சாச்சு. புறநகர் பஸ்ஸுல கிலோமீட்டருக்கு 42 பைசா 60 ஆச்சு. காலேஜ் புள்ளைங்க புத்தகப் பையோட ரோட்டுல உக்காந்தாங்க, தமிழ்நாடு பூரா மறியல். ஒன்பதே நாள். 29ஆம் தேதி அஞ்சு நாலாச்சு, 60 பைசா 58 ஆச்சு. பெரிய வெற்றின்னு நான் பெருமையடிக்க மாட்டேன். ரெண்டு ரூபாய் ஏத்தி ஒரு ரூபாய் குறைச்சாங்க. ஆனா உக்காராம இருந்திருந்தா அந்த ஒரு ரூபாயும் வந்திருக்காது.

ரயிலைப் பாருங்க. கொரோனாவுல 2020 மார்ச்சுல பாசஞ்சர் வண்டியை நிறுத்துனாங்க. திரும்ப விட்டப்போ "சிறப்பு ரயில்"னு பேர் மாத்தி, பத்து ரூபாய் டிக்கெட்டை முப்பது ஆக்கிட்டாங்க. அதே வண்டி, அதே பெட்டி. பத்து ரூபாய் திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில, நாடாளுமன்றத் தேர்தல் வாசல்ல நிக்கும்போது. பெரியவங்களுக்கு இருந்த கட்டணச் சலுகை அதே 2020 மார்ச்சுல போனதுதான். பெண்களுக்கு 50 சதவீதம், ஆண்களுக்கு 40 சதவீதம் குறைச்சுக்கிட்டு இருந்தாங்க. "தற்காலிகம்"னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே கேள்வி கேட்டுரணும், அவ்வளவுதான்.

கண்டக்டர்கிட்ட, டிரைவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அவங்களும் நம்ம ஆளுங்கதான். காலிப் பணியிடத்தை நிரப்புங்கன்னு கேட்டு 2024 ஜனவரியில போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே பண்ணினாங்க. ஆள் எடுக்காம, இருக்கிறவரையே ரெண்டு டியூட்டி பார்க்கச் சொன்னா டிரிப் கட் ஆகத்தான் செய்யும். அவங்க கோரிக்கையும் நம்ம கோரிக்கையும் ஒண்ணுதான்.

இப்ப செய்ய வேண்டியது. மேடைக்குக் கீழ மேஜையில நாப்பது பக்க நோட்டு அடுக்கி வச்சிருக்கோம். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு நோட்டு. தேதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், வரலைன்னா "வரலை". முப்பது நாள் எழுதுங்க. கோபத்தை எழுத வேண்டாம், நேரத்தை எழுதுங்க. "பஸ் சரியா வர்றதில்லைங்க"ன்னு மனு குடுத்தா "நடவடிக்கை எடுக்கப்படும்"னு ஒரு தாள் வரும். "முப்பது நாள்ல பதினோரு நாள் வரலை, இந்தா தேதி"ன்னு குடுத்தா அப்படி ஒரே வரியில முடிக்க முடியாது.

தனியார் பஸ்ஸா இருந்தா இன்னும் வசதி. பர்மிட் குடுக்கும்போதே நேரம் குறிச்சுத்தான் குடுக்குறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 86ஆவது பிரிவுல, பர்மிட் நிபந்தனையை மீறினா நிறுத்தி வைக்கவோ ரத்து பண்ணவோ இடம் இருக்கு. நம்ம மாநிலத்துல வட்டாரப் போக்குவரத்து ஆணையமே மாவட்ட ஆட்சியர்தான். அதனால திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல அவர் கையிலயே குடுக்கலாம். அரசு பஸ்ஸா இருந்தா, அந்த ரூட்டுக்கு அனுமதிச்ச டிரிப் எத்தனை, ஓடாதது எத்தனைன்னு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். கிராமத்துல இருக்கிறவங்க அடுத்த கிராமசபையில தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. இதை அனுபவத்துல சொல்றேன்.

எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் நோட்டை வாங்கிக்கங்க. கொடி கேக்காது அது.

மணி எட்டு அம்பதாச்சு. அந்தப் பக்கம் நிக்கிற அம்மிணிங்களுக்கு ஒன்பதே காலுக்கு பஸ்ஸுன்னு சொன்னாங்க. முதல் நோட்டுல முதல் வரியை இன்னைக்கே எழுதிரலாம், வாங்க ஸ்டாப்புக்குப் போவோம்.