பரணில் கிடக்கும் பிலிம் சுருள்கள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உத்தியோகத்திற்காகப் பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று வந்த குடும்பங்கள் நாம். வெளிநாடு போய்வந்த யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ சின்ன மூவி கேமரா ஒன்று வாங்கி வந்திருப்பார். கல்யாணம், பூணூல், கொலு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ப்ரொஜெக்டர் ரிப்பேரானதும் சுருள்கள் பரணுக்குப் போய்விட்டன.

முதலில் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அவசரம் என்று அர்த்தம். அந்த பிலிம் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து அசிடிக் அமிலம் கிளம்பும். அந்த அமிலமே சிதைவை இன்னும் துரிதப்படுத்தும். பிலிம் சுருங்கும், வளையும், ஒடியும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் அதைத் தனியே வையுங்கள். மும்பை மழையையும் பரண் சூட்டையும் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது!

ஆசைப்பட்டுப் பழைய ப்ரொஜெக்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓட்டைகள் அதன் பற்களில் பொருந்தாமல் கிழியும். நடுவில் நின்றால் விளக்குச் சூட்டில் கருகும். பற்சக்கரமே இல்லாமல், ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்யும் இயந்திரங்கள் இப்போது உண்டு. சுவரில் ஓட்டி அதை வீடியோ எடுத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். செலவு குறைவு, ஆனால் படம் மினுக்கும்.

8 மி.மீ. பிலிமில் இரண்டு வகை. 1932-இல் வந்தது ஒன்று, 1965-இல் வந்த சூப்பர் 8 மற்றொன்று. பின்னதற்கு ஓட்டை சிறியது. விநாடிக்கு 16 அல்லது 18 பிரேம் வேகத்தில்தான் பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். அதை 25-இல் ஓட்டினால் ஜானவாச ஊர்வலம் ஓட்டப்பந்தயமாகிவிடும். ரீலைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். என் நண்பருக்கு ஒரு கடையிலிருந்து டிவிடி மட்டும்தான் வந்தது. இன்று அந்த டிவிடியும் ஓடவில்லை.

எங்கள் வீட்டுச் சுருள் 1966-இல் கும்பகோணத்தில் நடந்த அத்தையின் கல்யாணம். எடுத்தவர் பெரியப்பா. பழைய 8 மி.மீ.யில் இரண்டு நிமிஷம் ஆனதும் சுருளைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். அவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது திருமாங்கல்யதாரணம் ஆகிவிட்டது! திரையில் ஒரு வெள்ளை வெளிச்சம், அடுத்த காட்சியில் அத்தை கழுத்தில் தாலி. கோடாக்ரோம் ஆனதால் கூறைப்புடவையின் அரக்கு இன்னும் மங்கவில்லை.

என் பாட்டியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். இதில் அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையோ அதட்டியபடி பந்திக்குள் போகிறாள். அச்சு அசல் என் தங்கையின் நடை.

படத்தில் சப்தம் கிடையாது. அதனால் அத்தையை உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, அவர் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிவு செய்தோம். மூன்று முறை நிறுத்தச் சொல்லி அழுதார். படத்தையும் பேச்சையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றைப் பெங்களூரில் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு பேரை மட்டும் அத்தைக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய பெரியம்மா மூன்று வருஷம் முன்பு காலமாகிவிட்டார். அந்த இருவரின் படத்தையும் பிரிண்ட் போட்டு வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் காபிக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.