செம்பு எவருடையது?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீழ்ந்துகிடக்கும் தொழிலைத் தூக்கி நிறுத்த அயலார் முதல் வருகின்றது என்றால், அதனைக் கேட்டவுடன் மகிழ்ந்து கைதட்டுவோர் உளர். கேட்டவுடன் சினந்து கல்லெறிவோரும் உளர். இவ்விரண்டும் எண்ணிப் பார்க்காதார் செயல்கள். எண்ணிப் பார்ப்பதற்கென ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சாம்பியா நாட்டின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

சாம்பியாவின் வடபால் செப்பு வளைநிலம் ஒன்றுண்டு. கிட்டுவே, சிங்கோலா, முஃபுலிரா முதலிய ஊர்கள் அச்செம்பை நம்பியே பிறந்தவை. வெள்ளையன் ஆண்ட காலத்தில் அந்நிலத்தடிப் பொருளுக்கு உரிமைப் பங்கு பெற்று வந்தது அம்மண்ணின் மக்களல்லர். பிரித்தானியத் தென்னாப்பிரிக்க நிறுவனம் என்னும் வணிகக் கும்பல். 1964 அத்தோபர் 24-இல் நாடு விடுதலை பெற்றது. அதற்குச் சில மணி நேரத்திற்கு முன்புதான் அந்நிறுவனம் தன் உரிமையை விட்டது; அதுவும் நாற்பது இலக்கம் பவுன் பெற்றுக்கொண்டு! தன் வீட்டுப் பொருளைத் திருடனிடமிருந்து விலைகொடுத்து மீட்ட கதை இது.

1969-இல் கவுண்டா அரசு சுரங்கங்களில் 51 விழுக்காட்டுப் பங்கை நாட்டுடைமையாக்கியது. அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழிலக்கம் தொன் செம்பு விளைந்தது. ஆனால் எழுபதுகளின் நடுவில் உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்தது. செம்பொன்றையே நம்பிய நாடு கடனில் வீழ்ந்தது. சுரங்கத்தின் வருவாய் சுரங்கத்திற்குத் திரும்பாமல் அரசின் பிற செலவுகட்கே போயிற்று. பொறிகள் தேய்ந்தன. 2000-ஆம் ஆண்டளவில் விளைவு இரண்டரை இலக்கம் தொன்னாகச் சுருங்கியது. நம்மவரே ஆண்டால் எல்லாம் தாமே செழிக்கும் என்று எண்ணுவார் இதனைக் கருத வேண்டும். உரிமை வேறு, அவ்வுரிமையைக் காக்கும் திறம் வேறு.

கடன் கொடுத்தோர் "விற்றுவிடு" என்றனர். நாடும் விற்றது. நொடிந்தவன் சந்தையில் விலைபேச முடியுமா? நிலத்தடிப் பொருளுக்கான அரசின் உரிமைப் பங்கு வெறும் 0.6 விழுக்காடாகக் குறைக்கப்பெற்றது. உடன்படிக்கைகளோ பல்லாண்டுகள் மக்கள் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. காட்டியிருந்தாலும் என்ன? அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நிலத்தடியில் உழைப்பவனும் அவன் தாயும் பேசுவது பெம்பா மொழி. தன் மொழியில் எழுதப்படாத உடன்படிக்கை ஒருவன் கண்ணைக் கட்டி வாங்கிய கைந்நாட்டே!

அவற்றுள் பெரியது கொங்கோலாச் செப்புச் சுரங்கம். உலகிலேயே மிகுதியாக நீரூறும் சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. இரவும் பகலும் நீரிறைத்துக் கொண்டிருந்தாலன்றி அது மூழ்கிப் போகும். இச்சுரங்கத்தை 2000-இல் ஏற்ற ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம், விலை குன்றியதும் 2002-இலேயே கைகழுவிச் சென்றது. பின்னர் 2004-இல் வேதாந்தா நிறுவனம் 51 விழுக்காட்டுப் பங்கை இரண்டரைக் கோடித் தாலரைப் பணமாகத் தந்து பெற்றது. அச்சுரங்கம் தனக்கு ஆண்டுதோறும் ஐம்பது கோடித் தாலருக்குக் குறையாமல் தருவதாக அதன் தலைவர் அனில் அகர்வால் பெங்களூர்க் கூட்டமொன்றில் பெருமை பேசிய படக்காட்சி 2014-இல் வெளியாகியது. சாம்பிய மக்கள் கொதித்தெழுந்தனர்.

ஊதியம் கடல் கடந்தது. நஞ்சோ ஊரிலேயே தங்கியது. 2006-இல் சுரங்கக் கழிவு கஃபூவே ஆற்றில் கலந்தது. 2011-இல் அந்நாட்டு உயர்முறைமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-இல் உச்ச முறைமன்றம் குற்றத்தை உறுதி செய்தபோதும் இழப்பீட்டைப் பெரிதும் குறைத்துவிட்டது. சிங்கோலாவைச் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சேர்ந்த 1,826 பேர், தம் நிலமும் நீரும் கெட்டமைக்கு முறைகேட்டு, இலண்டன் வரை வழக்காடச் சென்றனர். அவர்கள் அங்கே வழக்காடலாம் என்று 2019 ஏப்பிரலில் ஆங்கில உச்ச முறைமன்றம் கூறியது. 2021-இல், தன்மேல் பழியை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் இணக்கம் செய்துகொண்டது. தம் ஆற்று நீருக்காகப் பழைய ஆண்டானின் தலைநகரில் போய் முறையிட வேண்டிய நிலைக்கு விடுதலை என்று பெயரா?

2019 மேத் திங்களில் சாம்பிய அரசு, சொன்னபடி முதலிடவில்லை என்று குற்றஞ்சாட்டி நிறுவனத்தை வெளியேற்றியது. ஆனால் நடத்தப் பணமில்லை. 2020-இல் நாடே கடன்தவணை கட்ட இயலாமல் நின்றது. முடிவில் 2023-இல் அதே நிறுவனத்தை மீண்டும் அழைக்க முடிவாகி, 2024-இல் சுரங்கம் அதன் கைக்கே திரும்பியது. ஐந்தாண்டுகளில் நூறு கோடித் தாலர் முதலிடுவதாகவும், உள்ளூர்க் கடன்காரர்க்கு இருபத்தைந்து கோடி தருவதாகவும் உறுதிமொழி. அடுத்திருந்த மொப்பானிச் சுரங்கத்தில் 51 விழுக்காடு அதே ஆண்டில் அபுதாபி நிறுவனமொன்றுக்குப் போயிற்று.

சிங்கோலாவின் தொழிலாளர் பலர் அத்திரும்புதலை வரவேற்றனர். அவர்களை நான் பழிக்கமாட்டேன். கூலியின்றிக் குழந்தைகளோடு பசித்திருப்பவனிடம் மானத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி? பசித்தவன் பழைய ஆண்டானையே கூப்பிடும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்து விட்டவர்களே பழிக்குரியர்.

தோழர்களே! அந்நிறுவனத்தின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 2018 மே 22-இல் தூத்துக்குடியில், அதன் செப்பு உருக்காலையை எதிர்த்து நின்ற மக்கள்மேல் காவல்துறை சுட்டதில் பதின்மூவர் மாண்டனர். கஃபூவே ஆற்றங்கரையானும் முத்துநகரானும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இருவர் தொண்டையிலும் ஒரே எரிச்சல்!

முதல் தீயதன்று, உழைப்பின் திரட்சியே முதல். தீயது, கேள்வியின்றி வரும் முதல். ஆகவே எந்த மண்ணிலும் அயல் முதல் வாயிலில் நிற்கும்போது மூன்று கேட்டாக வேண்டும். உடன்படிக்கை மக்கள் மொழியில், மக்கள் கண்முன் உள்ளதா? ஊதியக் கணக்கு ஊரார்க்குத் திறந்திருக்கின்றதா? நீரும் நிலமும் கெட்டால் ஈடுசெய்யும் பணம், தோண்டத் தொடங்குமுன்பே அந்நாட்டில் கட்டி வைக்கப்பட்டதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்பவன் விருந்தினன், மழுப்புகிறவன் கன்னக்கோலன்.

செம்பு ஒருமுறைதான் தோண்டப்படும். பயிரைப் போல் மறுமுறை முளைக்காது. மண்ணை இழந்தபின் எழுதும் முறையீட்டைவிட, இழக்குமுன் கேட்கும் கேள்வி வலியது. கேட்கப் பழகுவோம், அதனையும் நம் மொழியிலேயே கேட்போம்!